கேட்க ஆளில்லாத வழக்கு: ‘ட்ரூ டிடெக்டிவ்’ இரண்டாம் சீசன் எங்கே சறுக்கியது?

(இரண்டு சீசன்களின் முடிவும் இதில் வெளிப்படையாகப் பேசப்படுகிறது. இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வரலாம்.)

‘ட்ரூ டிடெக்டிவ்’ ஓர் அமெரிக்கத் துப்பறியும் தொடர்; சீசனுக்குச் சீசன் கதையும் வேறு, ஆட்களும் வேறு. முதல் சீசன் ஹெச்பிஓ சேனலில் 2014 ஜனவரி 12 அன்று தொடங்கி மார்ச் 9 அன்று முடிந்தது. கடைசி எபிசோட் வந்த இரவு, எல்லோரும் ஒரே நேரத்தில் முண்டியடித்ததில் ஹெச்பிஓவின் இணையச் சேவையே படுத்துவிட்டது. அடுத்த வருஷம் ஜூன் 21 அன்று இரண்டாம் சீசன் வந்தது. முதல் சீசனின் முதல் எபிசோடை அமெரிக்காவில் அன்றிரவு பார்த்தவர்கள் சுமார் 23 லட்சம் பேர். இரண்டாம் சீசனுடையதைப் பார்த்தவர்கள் சுமார் 32 லட்சம். ஆக, கூட்டத்துக்குக் குறைச்சல் இல்லை. வந்த கூட்டம் எட்டு வாரம் கழித்து என்ன முகத்தோடு எழுந்து போனது என்பதுதான் விஷயம். இன்றைக்கும் “முதல் சீசன் பிரமாதம், ரெண்டாவது சொதப்பல்” என்று யாராவது பேச்செடுத்தால் முதலில் வாயில் வரும் பெயர்களில் இது ஒன்று.

நாங்கள் இதைப் பார்த்தது பல வருஷம் கழித்து, கொழிஞ்சாம்பாறையில். பொள்ளாச்சியிலிருந்து கோபாலபுரம் சோதனைச்சாவடியைத் தாண்டினால் கேரளம். கடைப்பலகையின் எழுத்து மாறுமே தவிர பேச்சு அப்படியொன்றும் மாறிவிடாது. வீட்டில் தமிழ், ஆபீஸ் காகிதத்தில் மலையாளம், படத்துக்கு அடியில் ஓடுவது ஆங்கிலம். வாசகசாலையின் பின்னறையில் நாலைந்து பேர் உட்காருவோம். கேரள போலீஸில் ஏட்டாக இருந்து ஓய்வுபெற்ற ஒருவர், பத்திரம் எழுதும் அக்கா ஒருவர், தென்னந்தோப்பு வைத்திருக்கும் மாமா, கஞ்சிக்கோட்டு ஆலையொன்றில் ஷிஃப்ட் பார்க்கும் தம்பி. ரிமோட் என் கையில். சப்டைட்டில் வேகமாக ஓடினால் நிறுத்திச் சொல்வது என் வேலை.

எங்கள் கூட்டத்தை இந்த ஆய்வுக்குள் இழுப்பதற்குக் காரணம் இருக்கிறது. இரண்டாம் சீசனின் தோல்விக்கு எல்லோரும் சொல்லும் முதல் விளக்கம், எதிர்பார்ப்பு. முதல் சீசனின் புகழ் தலைக்கு மேல் ஏறிவிட்டது, அடுத்து யாரை நடிக்க வைப்பார்கள் என்று ஊரே மாதக்கணக்கில் கேலியும் ஊகமுமாகப் பேசியது, அந்த எடையை எந்தக் கதையும் தாங்கியிருக்காது என்பார்கள். நியாயமான விளக்கம்தான். ஆனால் எங்களுக்கு அந்த எதிர்பார்ப்பு கிடையாது. முதல் சீசனின் நாயகன் மெக்கானஹே யார் என்றே மாமாவுக்குத் தெரியாது. ஒரு சீசன் முடிந்த அடுத்த வாரமே அடுத்ததைத் தொடங்கினோம்; ஏங்கிக் காத்திருக்க நேரமே இல்லை. அப்படியும் மூன்றாவது எபிசோடுக்கு மேல் பின்னறையில் கொட்டாவி கேட்க ஆரம்பித்தது. அப்படியென்றால் எதிர்பார்ப்பின் தலையில் முழுப் பழியையும் போட முடியாது. தொடருக்குள்ளேயே ஏதோ இருக்கிறது, அல்லது இல்லை.

இல்லை என்பதுதான் என் முடிவு. இரண்டாம் சீசனில் நம் சார்பாகக் கேள்வி கேட்க ஒருவரும் இல்லை.

நாற்காலியும் கேமராவும்

முதல் சீசனின் கட்டுமானம் கொஞ்சம் யோசித்தால் மிக எளிமையானது. 1995-இல் லூசியானாவில் ஒரு பெண்ணின் உடல் மரத்தடியில் கிடக்கிறது, தலையில் மான்கொம்பு. ரஸ்ட் கோல், மார்ட்டி ஹார்ட் என்று இரண்டு துப்பறிவாளர்கள் (மேத்யூ மெக்கானஹே, உட்டி ஹாரல்சன்) வழக்கை எடுக்கிறார்கள். ஆனால் நாம் அந்தக் கதையை நேராகப் பார்ப்பதில்லை. 2012-இல் வேறு இரண்டு போலீஸ்காரர்கள் ஒரு கேமராவை வைத்துக்கொண்டு, இவர்கள் இருவரையும் தனித்தனியாக உட்காரவைத்துக் கேட்கிறார்கள்: அன்றைக்கு என்ன நடந்தது? அப்புறம்? நீங்கள் இருவரும் ஏன் பிரிந்தீர்கள்?

அந்த இரண்டு பேரும் பார்வையாளனின் ஆட்கள். நமக்குத் தோன்றும் கேள்வியை அவர்கள் கேட்டுவிடுகிறார்கள். ஒரு பெயர் புரியாவிட்டால் அவர்களுக்கும் புரிவதில்லை, திரும்பக் கேட்கிறார்கள். அதைவிட முக்கியம், சொல்கிறவன் பொய் சொல்லலாம் என்ற சந்தேகம் நமக்கு வந்துவிடுகிறது. ஐந்தாவது எபிசோடில் அது உச்சத்துக்குப் போகும். லெடூ என்பவனின் காட்டுக் குடிசையில் எதிரிகள் சரமாரியாகச் சுட்டார்கள், நாங்கள் உயிரைப் பணயம் வைத்துத் திருப்பிச் சுட்டோம் என்று 2012-இல் இருவரும் ஒரே குரலில் வாக்குமூலம் கொடுக்கிறார்கள். திரையில் ஓடுவது வேறு. சத்தமில்லாமல் பதுங்கிப் போகிறார்கள். விலங்கு மாட்டி மண்டியிட்டிருக்கும் லெடூவின் தலையில் மார்ட்டி சுட்டுவிடுகிறான். அப்புறம் ரஸ்ட் துப்பாக்கியை எடுத்து மரங்களைப் பார்த்துச் சுட்டு, சண்டை நடந்த மாதிரி தோட்டா அடையாளம் உண்டாக்குகிறான்.

ஏட்டையா அந்த இடத்தில் தொடையைத் தட்டிச் சிரித்தார். “மகஸர்ல எழுதறது வேற, நடக்கறது வேறன்னு அங்கியும் அப்படித்தானா!” அந்த எபிசோடைப் பாதியில் நிறுத்தி வெகுநேரம் பேசினோம். ரஸ்ட்டே கொலைகாரனாக இருக்குமோ என்று தம்பிக்குச் சந்தேகம். இல்லவே இல்லை என்று அக்கா.

இரண்டாம் சீசனிலும் அடிக்கடி நிறுத்தினோம். இன்னும் அதிகமாகவே நிறுத்தினோம் என்று சொல்ல வேண்டும். ஆனால் அங்கே நிறுத்தியது, “செத்தவன் ஆருங்க?”, “இவன் எந்த ஊர் போலீஸு?”, “அந்தப் பணம் ஆரோடது?” என்று கேட்பதற்காக. முதல் சீசனில் ஊகிக்க நிறுத்தினோம், இரண்டாவதில் விளங்கிக்கொள்ள நிறுத்தினோம். பார்வையாளன் ஏமாந்ததற்கு இதைவிடத் தெளிவான அத்தாட்சி எனக்குக் கிடைக்கவில்லை.

கதை புரியாததா, பிடிக்காததா?

இரண்டாம் சீசன் கலிஃபோர்னியாவில் நடக்கிறது. வின்சி என்ற கற்பனை ஊர். ஆலைகள் மட்டும் நிறைந்த, ஆட்கள் அதிகம் குடியில்லாத நகராட்சி. லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்தில் உள்ள வெர்னனை மனதில் வைத்து உருவாக்கியது. வெர்னன் நிஜமாகவே அப்படி ஒரு ஊர்தான். 1905-இல் நகரமாக்கப்பட்டது, ‘தொழில் மட்டுமே’ என்பதுதான் அதன் முழக்கம், 2010 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 112. ஊழல் நாறியதில் 2011-இல் அந்த நகராட்சியையே கலைத்துவிட மாநிலச் சட்டமன்றத்தில் மசோதா கொண்டுவந்தார்கள். அது மேலவையில் தோற்றுப்போனது. இப்படிப்பட்ட ஊரின் நகர மேலாளர் பென் காஸ்பியர் கொலையாகிறார், கண்கள் அமிலத்தால் பொசுக்கப்பட்டிருக்கின்றன. பின்னணியில் ஓர் அதிவேக ரயில் பாதை. பாதை போகப்போகும் நிலத்தை மலிவாக வாங்குவதற்காக, ஆலைக் கழிவைக் கொட்டி அதை முதலில் விஷமாக்குகிறார்கள். விலை விழுந்ததும் வாங்கிப்போட்டு, அரசாங்கத்துக்கு நல்ல விலையில் விற்பது திட்டம். (கலிஃபோர்னியாவின் அதிவேக ரயில் நிஜத் திட்டம். 2008-இல் மக்கள் ஓட்டுப்போட்டு ஒப்புதல் கொடுத்தது, 2015 ஜனவரியில் அடிக்கல் நாட்டியது.)

இந்த விஷயம் ரொம்ப வறட்சி, நில ஊழலெல்லாம் யார் பார்ப்பார்கள் என்பது இரண்டாவது விளக்கம். இதை எங்கள் ஊரில் சொன்னால் எடுபடாது. பக்கத்துப் பிளாச்சிமடையில் 2000-இல் திறந்த குளிர்பான ஆலை நிலத்தடி நீரை என்ன செய்தது, ஊரார் எப்படிப் பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள், 2004-இல் எப்படி அது நின்றது என்பதெல்லாம் இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆழியாற்றுத் தண்ணீர் மணக்கடவுக்கு வருஷத்துக்கு 7.25 டிஎம்சி வர வேண்டும் என்ற கணக்கு தோப்பு மாமாவுக்கு மனப்பாடம். வராத வருஷத்துக் கதையும் சொல்வார். கேரளத்தின் சில்வர்லைன் ரயில் பாதைக்காகப் போலீஸ் காவலோடு எல்லை காட்டும் மஞ்சள் கல் நட்டதையும், ஜனங்கள் அதைப் பிடுங்கி எறிந்ததையும் 2022-இல் தினமும் டிவியில் பார்த்திருக்கிறோம், பாதை எங்கள் வட்டத்தின் வழியே போகாவிட்டாலும். ரயில், நிலம், விஷத் தண்ணீர் மூன்றும் சேர்ந்த கதை என்றால் எங்கள் ஆட்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். உட்கார்ந்தார்கள்.

பத்திர அக்காவுக்கு ஃப்ராங்க் செமியானின் நிலைமை இரண்டாவது எபிசோடிலேயே பிடிபட்டுவிட்டது. ஃப்ராங்க் (வின்ஸ் வான்) சூதாட்ட விடுதி நடத்தும் ரௌடி. இருப்பதையெல்லாம் விற்று, ரயில் பாதை நிலத்துக்காகக் காஸ்பியரிடம் பணத்தைக் கொடுத்துவைக்கிறான். காஸ்பியர் செத்ததும் பணம் எங்களுக்கு வந்து சேரவே இல்லையே என்று கம்பெனிக்காரர்கள் கையை விரிக்கிறார்கள். “பதிவு பண்ணாம மொத்தப் பணத்தையும் குடுத்திருக்கான் தம்பி. இந்த மாதிரி மாசத்துக்கு ஒருத்தராவது நம்ம கடைக்கு வந்து அழுவாங்க” என்றார் அக்கா. ஃப்ராங்க்கின் கதையை அவர் ஒற்றை வாக்கியத்தில் முடித்துவிட்டார். தொடர் அதையே மூன்று எபிசோடுக்குப் பூடகமாகப் பேசிக்கொண்டிருந்தது.

விஷயத்தில் கோளாறு இல்லை, அதை நம் கையில் கொடுத்த விதத்தில்தான் கோளாறு.

ஸ்டான் யார்?

இதற்கு ஒரே ஒரு உதாரணம் போதும். மூன்றாவது எபிசோடில் ஃப்ராங்க்கின் ஆள் ஸ்டான் செத்துக்கிடக்கிறான், காஸ்பியருக்குப் போலவே கண்கள் பொசுக்கப்பட்டு. ஃப்ராங்க் நொறுங்கிப்போகிறான். இசை கனக்கிறது. எங்கள் பின்னறையில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கும் தெரியவில்லை. பின்னோக்கி ஓட்டிப் பார்த்தேன். முந்தைய எபிசோடுகளில் ஃப்ராங்க்குக்குப் பின்னால் கோட்டுப் போட்டு நின்ற இரண்டு மூன்று பேரில் அவன் ஒருவன். வாய் திறந்து உருப்படியாக ஒன்றும் பேசியதில்லை.

சரி, போகட்டும், சின்னக் கதாபாத்திரம் என்று விட்டோம். தொடர் விடவில்லை. ஸ்டானைக் கொன்றது யார் என்று ஃப்ராங்க் எபிசோடுக்கு எபிசோட் விசாரிக்கிறான். ஆறாவது எபிசோடில் ஸ்டானின் வீட்டுக்கே போய், விதவைக்கு ஆறுதல் சொல்லி, பையனின் தோளில் கை வைத்து நீளமாகப் பேசுகிறான். தனியாக எடுத்துப் பார்த்தால் நல்ல காட்சி. வின்ஸ் வான் மொத்தத் தொடரிலும் நன்றாக நடித்த இடங்களில் ஒன்று. அப்பனை இழந்த பையனிடம் ஒருவன் இதைவிட ஒழுங்காகப் பேச முடியாது. ஆனால் அந்த அப்பன் யார் என்று நமக்குத் தெரியாதே! தோப்பு மாமா எழுந்து, “எழவு வீட்டுக்கு வந்தாச்சு, செத்தது ஆருன்னு கேட்டா அசிங்கமுங்க” என்று சொல்லிவிட்டு டீ வாங்கப் போனார். அமெரிக்கப் பார்வையாளர்களும் ஸ்டானை வைத்து இப்படித்தான் கேலி செய்து தீர்த்தார்கள். உலகத்தின் இரண்டு மூலையிலும் ஒரே கேள்வி எழுந்திருக்கிறது என்றால் பிழை பார்ப்பவர்களிடம் இல்லை.

முதல் சீசனில் இதே ஸ்டான் செத்திருந்தால் என்ன நடந்திருக்கும்? 2012-இன் மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவன் கேட்டிருப்பான்: ஸ்டான் யார்? எவ்வளவு நாள் பழக்கம்? இரண்டு வரியில் பதில் வந்திருக்கும். நாமும் அழுதிருப்போம்.

பெரிய இடத்தில் இதே பிழை பெரியதாக நிற்கிறது. காஸ்பியரைக் கொன்றது யார் என்ற விடை கடைசி எபிசோடில் வருகிறது. 1992 லாஸ் ஏஞ்சலஸ் கலவரத்தின் சமயத்தில் நடந்த நகைக்கடைக் கொள்ளையில் அப்பா அம்மாவைப் பறிகொடுத்த அண்ணன் தங்கை. தங்கை காஸ்பியரின் உதவியாளராக வேலை பார்த்தவள். அண்ணன் மூன்றாவது எபிசோடில் ஒரு சினிமா ஷூட்டிங்கில் புகைப்படக்காரனாகத் தலைகாட்டியவன். யோசித்துப் பார்த்தால் இது அற்புதமான விடை. ஊழல் ஊரை உலுக்கியது ஊழலின் பங்காளி யாரும் இல்லை, பழைய பாவம் ஒன்றின் அநாதைகள். ஆனால் விடை வந்தபோது பின்னறையில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கேள்வியை மறந்து வெகுநாள் ஆகியிருந்தது.

ஏன் மறந்தது என்றால், கதைக்குள்ளேயே அந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை. வழக்கை விசாரிப்பது மூன்று பேர். வின்சி போலீஸின் ரே வெல்கோரோ (காலின் ஃபாரல்), வென்சுரா கவுண்டியின் ஆனி பெஸரிடிஸ் (ரேச்சல் மெக்காடம்ஸ்), நெடுஞ்சாலைக் காவலன் பால் வுட்ரூ (டெய்லர் கிட்ச்). ரேவின் மேலதிகாரிகள் அவனிடம் சொல்வது, எதுவும் வெளியே வராமல் பார்த்துக்கொள். ஆனியிடம் சொல்வது, ரேவை மடக்கு, வின்சியின் அழுக்கைத் தோண்டு. பாலுக்கு இது பழைய கெட்ட பெயரிலிருந்து தப்பிக்க ஒரு வழி. கொலைகாரனைக் கண்டுபிடி என்று மனதாரச் சொன்ன மேலதிகாரி ஒருவர்கூடக் கிடையாது.

ஏட்டையாவுக்கு இந்தப் பகுதி தித்தித்தது என்பதையும் சொல்ல வேண்டும். எல்லையில் வேலை பார்த்தவர். வாளையாறு பக்கம் எங்கேயாவது பிணம் கிடந்தால் அது எந்த ஸ்டேஷன், எந்த ஸ்டேட் என்று இரண்டு பக்கமும் டேப் பிடித்து அளக்கும் கதையெல்லாம் அவரிடம் ஏராளம். மூன்று இலாகா சேர்ந்து விசாரித்தால் மூன்றும் ஒன்றையொன்று வேவு பார்க்கத்தான் செய்யும், கொலை நாலாவது வேலை என்றார். நாலாவது எபிசோட் வரை அவர்தான் எங்களுக்கு உரையாசிரியர். அந்த எபிசோடின் கடைசியில் ஒரு துப்பாக்கிச் சண்டை. போலீஸும் பொதுஜனமுமாகத் தெருவெல்லாம் பிணம். அதோடு செத்துப்போன ஒருவன் தலையில் கொலைப்பழியைக் கட்டி வழக்கை மூடிவிடுகிறார்கள். ஐந்தாவது எபிசோட் இரண்டு மாதம் தள்ளி ஆரம்பிக்கிறது: ரே போலீஸ் வேலையை விட்டுவிட்டான், ஆனியைச் சாட்சிப் பொருள் அறைக்குத் தள்ளிவிட்டார்கள், பால் வேறு இலாகாவில். ஏட்டையாவுக்கும் சுவாரசியம் போய்விட்டது. மூன்று இலாகா ஒன்றையொன்று வேவு பார்க்கும் அந்த நல்ல சிக்கலைத் தொடர் தானே கலைத்துவிட்டு, ரகசிய விசாரணை என்று மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறது.

கனமான வசனமும் காரில் இருந்த மார்ட்டியும்

வின்ஸ் வான் சரியில்லை, சிரிப்பு நடிகனைப் போய் ரௌடியாக்கிவிட்டார்கள் என்று அப்போது நிறையப் பேர் குறை சொன்னார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. இரண்டாவது எபிசோட் ஃப்ராங்க் படுக்கையில் கிடந்து கூரையின் ஈரக்கறையைப் பார்ப்பதில் தொடங்குகிறது. சின்ன வயதில் அப்பன் தன்னை நிலவறையில் பூட்டிவிட்டுப் போன கதையை, இருட்டில் எலி வந்த கதையை, மனைவியிடம் சொல்கிறான். வசனம் கனம். ஆனால் முதல் சீசனில் ரஸ்ட் பேசியது இதைவிடக் கனம். மனித இனமே ஒரு விபத்து என்கிற ரீதியில் காரில் உட்கார்ந்து பேசிக்கொண்டே வருவான். அது ஏன் எடுபட்டது? ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு மார்ட்டி பக்கத்தில் இருந்தான். வாயை மூடிக்கொண்டு வா, இந்தப் பேச்சை வேறெங்கும் பேசிவிடாதே என்று எரிந்துவிழுந்தான். நாம் சொல்ல நினைத்ததை அவன் சொன்னதால் நமக்குச் சிரிப்பு வந்தது. சிரித்த பிறகு ரஸ்ட் சொன்னது மனதிலும் தங்கியது. ஃப்ராங்க் பேசும்போது பக்கத்தில் இருப்பது அன்பான மனைவி. கேட்டுக்கொண்டிருக்கிறாள். குறுக்கே பேச ஆளில்லாத தத்துவம் எந்த நடிகன் வாயிலும் உபதேசமாகத்தான் போய் நிற்கும்.

இன்னொரு சின்ன சாட்சியம். இரண்டாம் சீசனின் முதல் எபிசோடில், மகனைத் தன்னிடம் வைத்துக்கொள்ளும் வழக்குக்காக ரே ஒரு வக்கீலிடம் பேசும் காட்சி வருகிறது. அவள் கேட்கிறாள், அவன் மழுப்புகிறான். அவன் மனைவிக்கு நடந்த கொடுமை, மகன் தன் ரத்தம்தானா என்ற சந்தேகம் எல்லாம் அங்கேதான் நமக்குப் பிடிபடுகிறது. எங்கள் கூட்டத்தில் யாரும் எதுவும் கேட்காமல் ஓடிய காட்சி அது. ரேவை எட்டு எபிசோடும் எல்லோருக்கும் பிடித்திருந்ததற்கு காலின் ஃபாரலின் நடிப்பு பாதிக் காரணம் என்றால், அந்த வக்கீலின் கேள்விகள் மீதிக் காரணம்.

எழுதியவரிடமும் யாரும் கேட்கவில்லை

திரைக்குப் பின்னால் நடந்தது பெரும்பாலும் பதிவாகியிருக்கிறது, அதனால் சுருக்கமாகச் சொல்லலாம். தொடரை உருவாக்கிய நிக் பிஸ்ஸொலாட்டோ நாவலாசிரியர். முதல் சீசனின் எட்டு எபிசோடையும் அவரே எழுதினார். அந்தக் கதை முதலில் நாவலாக அவர் மனதில் ஊறியது. எட்டையும் இயக்கியது கேரி ஜோஜி ஃபுகுனாகா ஒருவரே. நாலாவது எபிசோடின் கடைசியில் ஆறு நிமிஷம் வெட்டே இல்லாமல் ஓடும் அந்தப் புகழ்பெற்ற காட்சி அவர் கைவேலை. இயக்கத்துக்கு எம்மி விருதும் அந்த எபிசோடுக்குத்தான் கிடைத்தது. இரண்டாம் சீசனில் ஃபுகுனாகா இயக்கவில்லை. முதல் இரண்டு எபிசோடை ஜஸ்டின் லின் இயக்க, அப்புறம் பலர் மாறி மாறி வந்தார்கள். முதல் சீசன் முடிந்ததற்கும் இரண்டாவது ஒளிபரப்பானதற்கும் இடையே 15 மாதம். அதற்குள் புதிய ஊர், புதிய ஆட்கள், புதிய கொலை, நான்கு நாயகர்கள்.

ஒரு படைப்பில் எழுதுபவனுக்கு எதிரே உட்கார்ந்து, இந்த ஸ்டான் யார், எனக்கே புரியவில்லையே என்று சொல்லக்கூடிய சமபலமுள்ள ஆள் வேண்டும். எட்டு எபிசோடும் கூடவே இருந்த ஒரே இயக்குநர் அந்த வேலையைச் செய்திருக்க முடியும். வந்து இரண்டு எபிசோடை முடித்துக்கொடுத்துவிட்டுப் போகிறவரால் முடியாது. இது என் ஊகம்தான். ஆனால் அவசரத்தைப் பற்றி ஊகம் தேவையில்லை. அப்போது ஹெச்பிஓவின் நிகழ்ச்சித் தலைவராக இருந்த மைக்கேல் லொம்பார்டோ 2016 தொடக்கத்தில் ஒரு வானொலிப் பேட்டியில் வெளிப்படையாகவே பேசினார். எழுத்து தானாகப் பக்குவப்படும்வரை காத்திருக்காமல் ஒளிபரப்புத் தேதியைத் துரத்தினால் தோற்றுத்தான் போவோம் என்றார். பழியை எழுத்தாளர் தலையில் கட்டாமல் தன் தலையில் போட்டுக்கொண்டார். அந்தத் தொழிலில் இப்படிப் பேசுகிறவர்கள் அபூர்வம்.

மூன்றாம் சீசன் 2019 ஜனவரியில் வந்தது, மூன்றரை வருஷ இடைவெளியில். மஹெர்ஷாலா அலி நாயகன். ஆர்கன்சா மாநிலத்தில் காணாமல் போன இரண்டு குழந்தைகள். 1980, 1990, 2015 என்று மூன்று காலம். 2015-இல் என்ன நடக்கிறது தெரியுமா? ஞாபகம் தப்பிக்கொண்டிருக்கும் அந்தக் கிழட்டுத் துப்பறிவாளரை உட்காரவைத்து, கேமரா முன்னால் ஓர் ஆவணப்படக்காரி கேள்வி கேட்கிறாள். 1990-இலும் வாக்குமூலம் வாங்குகிறார்கள். பிஸ்ஸொலாட்டோ நாற்காலியையும் கேமராவையும் திரும்பக் கொண்டுவந்துவிட்டார். அது போதுமானதாக இருந்ததா என்பது வேறு விவாதம். கடைசி எபிசோடில் எனக்கும் மனக்குறை உண்டு. ஆனால் பின்னறையில் யாரும் “இவன் ஆரு” என்று கேட்கவில்லை.

இரண்டாவது சீசன் என்றாலே இப்படித்தான் என்று யாராவது தலைவிதியைப் பேசினால், பக்கத்திலேயே மறுப்பு இருக்கிறது. ‘கேரளா கிரைம் ஃபைல்ஸ்’ என்ற மலையாளத் தொடரின் முதல் சீசன் 2023-இல் வந்தது. லாட்ஜில் ஒரு கொலை. பதிவேட்டில் எழுதிய பொய் முகவரி ஒன்றுதான் துப்பு. 2025-இல் வந்த இரண்டாம் சீசனில் காணாமல் போன ஒரு போலீஸ்காரனைத் தேடுகிறார்கள். அதே இயக்குநர், அகமது கபீர். எழுத்தாளர் மட்டும் மாறி, பாகுல் ரமேஷ் வந்தார். இரண்டாவதுதான் இன்னும் நன்றாக இருக்கிறது என்று சொன்னவர்கள் நிறைய, எங்கள் ஏட்டையா உட்பட. இரண்டிலும் முதல் எபிசோடிலேயே நம் கையில் ஒரு கேள்வியைக் கொடுத்துவிடுகிறார்கள்: இந்த முகவரிக்காரன் யார்? அந்த ஆள் எங்கே? அப்புறம் எத்தனை பெயர் வந்தாலும் பார்ப்பவன் தாங்கிக்கொள்கிறான்.

வின்சி கதையை ஒரேயடியாகக் குப்பை என்று ஒதுக்கவும் மனம் வரவில்லை. தலைப்பு மட்டும் அதே, கதை வேறு, ஆட்கள் வேறு என்பதால் வந்த கோபமும் அதில் கலந்திருக்கிறது. “பழைய பத்திரத்தோட தலைப்பக் காட்டிப் புது நெலத்த வித்தாப்பல” என்றார் அக்கா. நிலம் மோசமில்லை என்பதை மட்டும் நான் சேர்த்துக்கொள்வேன். ஆறாவது எபிசோடில் ஆனி மாறுவேஷத்தில் பணக்காரர்களின் விருந்துக்குள் நுழைகிறாள். போதை ஏற ஏறத் திரை மங்குகிறது, பழைய ஹாலிவுட் படம் மாதிரி இசை எழும்புகிறது. அந்தப் பதினைந்து இருபது நிமிஷம் முதல் சீசனின் எந்தப் பகுதிக்கும் சளைத்ததில்லை. கடைசியில் காட்டுக்குள் துரத்தப்படும் ரே, மகனுக்குப் பேசிப் பதிந்த குரலைப் போனில் அனுப்பப் பார்க்கிறான். ரேஞ்ச் இல்லை. போய்ச் சேராமலே செத்துப்போகிறான். அந்த இடத்தில் தோப்பு மாமாகூட வாய் திறக்கவில்லை.

இனிமேல் பார்க்கப்போகிறவர்களுக்கு ஒரு யோசனை. முதல் மூன்று எபிசோடை ஒரே மூச்சில் பார்த்துவிடுங்கள், வாரம் ஒன்று என்று இழுத்தால் பெயர்கள் நழுவிவிடும். பக்கத்தில் ஒரு தாள் வைத்துக்கொள்ளுங்கள். பத்திர அக்கா அப்படி ஒன்று போட்டார், வில்லங்கச் சான்றிதழ் எழுதுகிற கையால்: மேலே காஸ்பியர், அவரிடமிருந்து ஒரு கோடு நிலக் கம்பெனிக்கு, இன்னொன்று ஃப்ராங்க்குக்கு, மேயர், போலீஸ் தலைவர், ரஷ்யாக்காரன், நீல வைரம், கடைசியில் அந்த அண்ணன் தங்கை. அதைக் கையில் வைத்துக்கொண்டு மறுபடி பார்த்தால் கதையில் ஓட்டை அதிகமில்லை, எல்லாம் ஒன்றோடொன்று பொருந்துகிறது. தாள் வாசகசாலையின் அறிவிப்புப் பலகையில் இருக்கிறது, வேண்டியவர்கள் படம் எடுத்துக்கொள்ளலாம். ஸ்டான் மட்டும் அதில் இல்லை. எங்கே போடுவது என்று அக்காவுக்கும் தெரியவில்லை.